முன் ஷாக்கின் நீலத் திருகு

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ராத்திரி பெய்த மழை மண்ரோட்டில் அப்படியே நிற்கிறது. சாம்பார், முட்டைக்கோஸ். பாப்பாவுக்குத் தனியாக உருளைக்கிழங்கு, இல்லாவிட்டால் டப்பா போன மாதிரியே திரும்பி வரும்.

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். பிசியோதெரபி பெண் சொன்னாள், வலி எப்போ வருது, எப்போ போகுதுன்னு குறிச்சு வைங்கக்கா என்று. வலியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கே சலித்துவிடும். மற்றதும் வரும்.

வலது மணிக்கட்டு. எழுந்ததும் வலி இல்லை. கம்பெனி ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தும்போது உண்டு. மதியத்துக்குள் குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி.

எனக்கு இப்போது லைட் டூட்டி. ஒயர்க் கட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது. இத்தனை வருஷம் போர்டில் நின்று காருக்குள் போகிற ஒயரிங் முழுவதையும் கோத்தவளுக்கு ஸ்டிக்கர். பாப்பா கேட்டால் சிரிப்பாள், அவளும் நோட்டில் அதைத்தான் ஒட்டுகிறாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கம்பெனி டாக்டர் பார்ப்பார். சரி என்றால் பழைய இடம். இல்லை என்றால் ‘அன்ஃபிட்’, அதோடு அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராக்டில் கிடந்து கிடந்து பெர்மனென்ட் ரோலில் பேர் ஏறியது. அதை விட மாட்டேன். 

இவர், சாப்பிடும்போது: “கை எப்டி கீது?”

“பரவால்ல.”

செப். 9, செவ்வாய்

வெயில். துணி காய்ந்துவிட்டது, அந்த மட்டும் நல்லது.

சைக்கிளைப் பற்றி எழுத வேண்டும். படப்பையில் ஒரு அபார்ட்மெண்ட்காரரிடம் இவர் வாங்கி வந்தது. ஹைப்ரிட்டாம். ரேஸ் சைக்கிளும் இல்லை, மலையேறும் சைக்கிளும் இல்லை, ரெண்டுங்கெட்டான். முன் சக்கரத்துக்கு பைக்கில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் ஷாக். “ஷாக் வெச்சது, உன் கைக்கு நல்லது” என்று சொல்லித்தான் கொண்டுவந்து நிறுத்தினார். 

பைக்கை விற்றுவிட்டார். மணிமங்கலம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லியில் சறுக்கி விழுந்தோம். ஓட்டியது இவர். இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டில் பிளேட். அதற்குப் பிறகு யாருடைய பைக்கையும் தொடவில்லை. பின்னால் உட்காரக்கூட மாட்டேன் என்கிறார். நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போது இருவருக்கும் ஒரே சைக்கிள். இவருக்கு நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் இறக்கிவிடும், டீக்கடையில் விட்ட சைக்கிளை எடுத்து வீட்டுக்கு வருவார். இவர் இறங்குவார், நான் ஏறுவேன். சாயங்காலம் நான் இறங்கினால் ராத்திரி இவர் ஏறுவார். வீட்டிலேயே அதிகம் உழைப்பது சைக்கிள்தான், ஓ.டி. கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஷாக் வெறும் பேருக்கு. எங்கள் ஊரிலிருந்து வல்லம் வடகால் எஸ்டேட்டின் தார்ரோடு வரைக்கும் மண்ணும் பள்ளமும். ஒவ்வொரு கல்லும் சக்கரத்தில் ஏறி நேராக என் மணிக்கட்டுக்கு வருகிறது. ஆசையாக வாங்கி வந்தவரிடம் எப்படிச் சொல்வது. சொல்லவில்லை.

செப். 11, வியாழன்

மேகமூட்டம். பால்காரர் வரவில்லை.

அடுப்பு பற்றவில்லை. காஸ் தீர்ந்துவிட்டது என்று பயந்தேன். தீரவில்லை, இவர் சிலிண்டரை மூடிவைத்திருக்கிறார். தனக்கு ஒரு டம்ளர் டீ போட்டால் உடனே குனிந்து மூடுவார். குளித்துவிட்டு வந்தால் பாத்ரூம் பைப்புக்கு வரும் மெயின் வால்வையும் மூடுவார். தலையில் சோப்போடு எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

“மூட்றது ஒரு குத்தமா? வர்றவங்க தொறந்துக்கணும். எங்க பிளாண்ட்ல ஏர் வால்வ மூடாம மிஷின் ஸ்டேஷன வுட்டு நவுந்தா மெமோ தெரியுமா?”

“இது பிளாண்ட் இல்லிங்க. வூடு.”

“வூடுன்னா காஸ் லீக் ஆவாதா?”

சட்னி அரைத்தேன்.

வலி: கம்பெனி கேட்டில் அதிகம். பத்து மணிக்கு மேல் சுமார். திரும்பி வந்ததும் அதிகம். ஐஸ் ஒற்றினேன், இவர் எழுந்திருக்கும் முன்பு.

செப். 12, வெள்ளி

இன்று மோசம். சைக்கிளை விட்டு இறங்கியதும் விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து லைன் பெண்ணைக் கூப்பிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஷீலா மேடம் (இனி ஷீ.மே.) பார்த்துவிட்டார். நாகர்கோவில்காரர், குரலைத் தாழ்த்திப் பேசினால்தான் பயம் வரும். தாழ்த்தித்தான் பேசினார்.

“வலி உண்டுன்னா இப்பமே சொல்லிரு. டாக்டர் முன்னால போய் முழிக்கப்பிடாது.”

“இல்ல மேடம், காலைல மட்டும்.”

“காலைல வந்தாலும் அது வலிதான், கேட்டியா.”

டீ டைமுக்கு முன்னால் யாரும் பார்க்காதபோது என் பழைய போர்டில் நின்று கனெக்டரில் நாலைந்து ஒயர் குத்திப் பார்த்தேன். உள்ளே போய் உட்காரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். எனக்குப் பிடித்த சத்தம். ஒயர் உட்கார்ந்தது, கையும் சுளீர் என்றது.

இப்போது அந்த இடத்தில் ஒரு புதுப் பெண். வேகமாகத்தான் செய்கிறாள். அவள்மேல் கோபம் வந்தது, அவள் என்ன செய்வாள்.

செப். 14, ஞாயிறு

மழை விட்டு விட்டு. சிக்கன். இட்லிக்கு ஆட்டியது. பாப்பாவின் யூனிஃபார்ம், இவருடைய எண்ணெய்ச் சட்டைகள், எல்லாம் கையால் துவைத்தேன்.

நாள் முழுக்க வலி இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? வேலைதான் கைக்கு ஆகவில்லை. வீட்டில் இருந்தால் சரியாக இருக்கிறது. இந்த நோட்டில் எழுதியதைத் திரும்பப் படித்தாலும் அதுதான் தெரிகிறது. வேலை நாள், வலி. லீவு நாள், இல்லை.

இவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல்: “வேலய வுட்டுடேன். நான் பாத்துக்கறன்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் எரிந்தது. நான் பார்த்துக்கொள்ளவா கேட்டேன்? காலையில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது நான் இன்னாருடைய பெண்டாட்டி இல்லை, இன்னாருடைய அம்மா இல்லை. என் பேர், என் போர்டு. அதை இவரிடம் எப்படி விளக்குவது. கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

செப். 15, திங்கள்

ஷீ.மே.யிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை எதற்கு மேடம், நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன் என்று. சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்தேன், அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

“வெள்ளி வரைக்கும் நீ வாயைத் தொறக்காத. எழுத்து கிழுத்துன்னா கிழிச்சுப் போட்டுருவேன்.”

வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி தோசை. மாவு புளித்துவிட்டது.

செப். 16, செவ்வாய்

தூறல்.

பாப்பாவை ஸ்கூல் வேனில் ஏற்ற ஏரிக்கரை முனைக்குப் போனேன். வழக்கமாக இவர் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், இன்று வேன் லேட். தூரத்தில் இவர் சைக்கிளில் வருகிறார். பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளத்தில் சக்கரம் இறங்குகிறது, ஷாக் குழாய்கள் உள்ளே போய் வெளியே வருகின்றன, ஹேண்டில் அசையவே இல்லை. மெத்தையில் உட்கார்ந்து வருகிற மாதிரி வருகிறார்.

நான் ஓட்டினால் இப்படி ஒரு நாளும் ஆனதில்லையே.

பின்னாலேயே நடந்து வந்தேன். கேட்டில் இறங்கினார். ஸ்டாண்ட் போடும்போதே வலது கை கீழே போய், ஷாக்கின் தலையில் இருக்கும் நீலத் திருகை ஒரு திருப்புத் திருப்பியது. உள்ளே போய்விட்டார்.

அந்தத் திருகை நான் பார்த்திருக்கிறேன். காற்றடைக்கும் இடத்தின் மூடி என்று நினைத்திருந்தேன். ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினேன், ஷாக் அசையவில்லை. கல். திருகை எதிர்ப்பக்கம் திருப்பினேன், அமுக்கினேன். பதமாக உள்ளே போய் மேலே வந்தது. மறுபடி திருப்பினேன், கல். இவ்வளவுதான் விஷயம். 

திறந்துவிட்டுக் கிளம்பினேன். அதே ரோடு, அதே பள்ளம். மணிக்கட்டு சும்மா இருந்தது. எஸ்டேட் தார்ரோட்டில் ஏறியதும் ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் குனிந்து குனிந்து எழுந்தது, மிதிப்பதில் பாதி அதற்கே போயிற்று. இறங்கி மூடினேன். அம்பு மாதிரி போகிறது. ஓ, மூடுவது இதற்கு. நல்ல ரோட்டுக்கு மூடு, கெட்ட ரோட்டுக்குத் திற. பச்சைப் பிள்ளைக்கும் புரியும், யாராவது சொன்னால்.

நாள் முழுக்க வலி இல்லை. சந்தோஷப்பட வேண்டும், முடியவில்லை. இவர் திறந்துகொண்டு வருகிறார், எனக்கு மூடிக் கொடுக்கிறார். வேலய வுட்டுடேன் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலையை விடவைக்கத்தான் இப்படிச் செய்கிறாரா?

இன்று கை எப்படி என்று கேட்டார். பாப்பாவின் டப்பாவைக் கழுவப் போனேன்.

செப். 17, புதன்

தூங்கவில்லை. கேட்டுவிடுவது என்று எழுந்தேன். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் தயார்.

இவர் வந்தார். இறங்கினார், நீலத் திருகை மூடினார், பேசிக்கொண்டே. பேச்சு டீக்கடையில் யாரோ செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறுகிறது என்று சொன்னது பற்றி. உள்ளே வந்து டீ போட்டார், அதே பேச்சு. ஊற்றினார். குனிந்து சிலிண்டரை மூடினார். டம்ளரைக் கழுவினார், குழாயை மூடி, அதன் கீழே இருக்கும் வால்வையும் மூடினார். கண் எதையும் பார்க்கவில்லை. கை பாட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஷிப்ட் மாற்றுகிறார். அவ்வளவுதான். போகிறவன் மூடிவிட்டுப் போவான், வருகிறவன் திறந்துகொள்வான். அடுத்த ஷிப்ட் ஆளுக்கு ஸ்டேஷனை ஒப்படைக்கிற மாதிரி தினமும் எனக்குச் சைக்கிளை ஒப்படைத்திருக்கிறார். ராத்திரி கிளம்பும்போது திறந்துகொள்கிறார். நானும் திறந்துகொள்வேன் என்று நினைத்திருக்கிறார். இதையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வார்களா? எங்கள் லைனில் காற்றும் இல்லை, வால்வும் இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?

“இன்னா அப்டி பாக்கற?”

“ஒண்ணுமில்ல. டீ நல்லா கீதா?”

“சக்கரை கம்மி.”

வெளியே போய், சைக்கிள் பக்கத்தில் நின்றேன், சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. நேற்று முழுக்க என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் இந்த மனிதனை.

சொல்லலாமா? சொன்னால் ஒரு நிமிஷ வேலை. “திருகைத் திறந்தே வையுங்க.” ஏன் என்று கேட்பார். ஒரு தடவை இவர் ஓட்டிய பைக்கில் போன கை. இந்த நாட்களில் பட்ட வலியும் இவர் கையால்தான் என்று தெரிந்தால், பைக்கை விட்ட மாதிரி இதையும் விடுவார், இன்னும் எதை எதை விடுவாரோ. தெரியாமலே இருக்கட்டும். நான் திறந்துகொள்கிறேன், திரும்பி வந்ததும் மூடிவைக்கிறேன்.

செப். 18, வியாழன்

வெயில். ஷீ.மே. கூப்பிட்டுப் போர்டில் நிற்கவைத்தார். மதியம் வரை. டிக், டிக், டிக். கை களைத்தது, வலிக்கவில்லை. களைப்புக்கும் வலிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

“திங்கக்கெழம அழுதது யாரு?”

“நான் அழல மேடம். சளி.”

செப். 19, வெள்ளி

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். திருப்பச் சொன்னார், இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், தழும்பை அமுக்கினார். முந்தைய வாரம் எப்படி இருந்தது என்று கேட்டார். சைக்கிள் ஓட்டத் தெரியாமல் ஓட்டினேன் சார், இப்போது கற்றுக்கொண்டேன் என்றேன். பொய் இல்லை.

ஃபிட். திங்களிலிருந்து பழைய இடம். புதுப் பெண் பக்கத்து போர்டுக்கு. அவளே வந்து, “அக்கா, உங்க இடத்தைத் தொடச்சு வெச்சிருக்கேன்” என்றாள். போன வெள்ளி அவள்மேல் கோபப்பட்டது வெட்கமாக இருந்தது.

இவரிடம் சொன்னேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார். “சரி” என்றார். கிளம்பும்போது பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், அவள் இவ்வளவு வளர்ந்த பிறகு.

செப். 20, சனி

ஓ.டி. உண்டு. லேசான மழை. தயிர்சாதம், ஊறுகாய்.

இவர் இறங்கினார், மூடினார். எனக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து, குனிந்து திருகைத் திறந்தேன். இத்தனை நாளும் இவர் உள்ளே போன பிறகுதான் திறப்பேன். இன்று மறந்துவிட்டேன்.

பார்த்துவிட்டார்.

“அத நான் மூடித்தான வெக்கறன்.”

“ஆமா.”

திருகைப் பார்த்தார். மண்ரோட்டைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அதற்குள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

“தெனம் தொறந்துக்கினு தான போவ?”

“பின்ன? மூடிக்கினு யாருங்க போவாங்க.”

“மொத நாள்லேர்ந்தா?”

“மொத நாள்லேர்ந்துதான். தள்ளுங்க, லேட்டாவுது.”

மிதித்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. ஏரிக்கரை திரும்பும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் போனேன். பின்னால், எதையும் மூடாமல் விடாத இவர் கேட் சாத்தும் சத்தம் வரவில்லை.