செம்பு விளிம்பு

ஜனவரி 9, செவ்வாய்

இன்றைக்கு வரலாறு எழுதப்பட்டது. எழுதியவன் நான், பேனா மட்டும் வங்கியில் சுட்டது.

கவுண்டர்க்காரி க்ளெண்டா ஒரு காசுச் சுருளை நீட்டினாள். "யாரோ கையால சுத்திக் கொண்டாந்தது, டெல்பர்ட். இருபது அரை டாலர். பத்து டாலரைக் குடுத்துப் பத்து டாலரை வாங்கிட்டுப் போற ஒரே ஆளு இந்த ஓஹாயோவுலயே நீங்கதான்."

சிரி, க்ளெண்டா, சிரி.

வீட்டில் பிரித்து வரிசையாக நிறுத்தினேன். எனக்கு விளிம்பு போதும். செம்புக்கோடு தெரிந்தால் வெறும் காசு. முழு வெள்ளையாக இருந்தால் பழைய வெள்ளி. வங்கிச் சுருள்களை நாலு மாதம் கிளறினால் ஒன்று அகப்படும். இன்று பத்தொன்பது! ஒரே சுருளில்! நான் போட்ட கூச்சலில் கனடாவில் ரெண்டு பனிப்பாறை சரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் செம்பு. மூஞ்சியைக்கூடப் பார்க்காமல், வங்கிக்கே திரும்பப் போகிற செம்புக் காசுகளின் கழிவு வாளியில் வீசினேன். சக்கரவர்த்திகள் செம்பைத் தொடுவதில்லை.

ஜனவரி 10

காலையில் வாளியை ஆற்றுக்கு அக்கரை வங்கியில் கொட்டிவிட்டு வந்தேன். எடுத்த இடத்திலேயே கொட்டினால் நம் குப்பையே நமக்குத் திரும்பி வரும்.

மத்தியானம் வெள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. எல்லாவற்றிலும்.

நான் வைத்த பொட்டு. என்னை விட்டுப் போன மனைவி ஜானிஸ் மறந்து வைத்த ஒரே சொத்து, அரை பாட்டில் நகப்பூச்சு. அதைத் தொட்டுப் பொட்டு வைத்து, பிறந்தநாளுக்கு ஒன்றாக, அண்ணன் மகள் மேரிபெத்துக்குக் கொடுத்த காசுகள்.

என்னைப் பத்து டாலருக்கு மாற்றியிருக்கிறாள்.

ஜனவரி 11

திருடி! – இல்லை. அவள் காசுதானே. அதுதான் இன்னும் எரிகிறது.

ஜனவரி 13, சனி

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை அவளுக்கு. பின்வாசலில், பனியில், ஏப்ரனோடு வந்து நின்றாள். காசுகளை எடுத்து நீட்டினேன்.

"பெட்ரோல் போட்டேன் சித்தப்பா. வேலைக்கு வரணும்ல?"

"அது வெள்ளிடி! ஒவ்வொண்ணும் எட்டு டாலருக்கு மேல போகும்!"

"ஆமா. ஒண்ணு திமிங்கல வயித்துல கெடச்சது. ஒண்ணு கொள்ளைக்காரன் தங்கப்பல்லை அடகு வச்சு வாங்குனது. நீங்க சொன்ன கதையை அப்படியே கிளாஸ்ல போய்ச் சொல்லிட்டு அந்த வருஷம் முழுக்க 'திமிங்கலம்'னு பேர் வாங்கினேன். வெள்ளின்னும்தான் சொன்னீங்க. நான் எதை நம்பறது?"

என் வாயில் ஈ புகுந்திருக்கும், குளிர்காலமாக இல்லாவிட்டால்.

போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்ணு அப்பா பாக்கெட்டுல இருந்ததுன்னு சொன்னீங்களே. அதுவும் கதைதானே?"

"அது நெஜம்."

ஒரு அடி திரும்பி வந்தாள். "அப்ப அதைக் குடுங்க. மத்ததை நீங்களே வச்சுக்கோங்க."

அவளுக்கு மூணு வயதில் அண்ணன் வெண்டெல் செத்தான். நான் கொடுத்த முதல் காசு அதுதான். 1974. யார் பாத்திரம் கழுவுவது என்று நானும் அவனும் சுண்டிப் பார்க்கிற காசு. அந்தப் படுபாவி ஒருமுறைகூடத் தோற்றதில்லை. காசின் பின்பக்கத்துக் கழுகின் மார்பில் ஆணியால் தன் முதலெழுத்தைக் குத்தி வைத்திருந்தான்.

பொட்டு வைக்காத காசு. வெள்ளி இல்லாத காசு.

செம்பு விளிம்பு.

"வீட்ல பத்திரமா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். எதுக்குடா சொன்ன? எதுக்கு?

ஜனவரி 16

அக்கரை வங்கிக்காரன் சொன்னான்: "வெள்ளிக்கெழமையே காசு ஏத்தற வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சே பெரியவரே. இப்ப எந்த ஊர்ல இருக்கோ." பிறகு, "உங்க காசை நீங்களே தேடறீங்களா?" என்று சிரித்தான்.

பிப்ரவரி 3

க்ளெண்டாவிடம் வாரத்துக்கு இரண்டு பெட்டி. பெட்டிக்கு ஆயிரம் காசு. விளிம்பைப் பார்ப்பதில்லை இப்போது. ஒவ்வொன்றையும் திருப்பிக் கழுகைப் பார்க்கிறேன். விரல் நுனி கறுத்துவிட்டது. இன்று இரண்டு வெள்ளி கிடைத்தது. கூச்சல் போடவில்லை.

பிப்ரவரி 20

1974 நிறையக் கிடைக்கிறது. கழுகெல்லாம் சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

ஒரு 1974-ஐ மேசைமேல் வைத்து ஆணியால் குத்தினேன். வெண்டெல் எழுத்து மாதிரியே விழுந்தது. அவனே வந்தாலும் ஏமாந்திருப்பான். என் வாழ்நாளின் மிகச் சிறந்த கதை இதுதான், ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

பிப்ரவரி 26, திங்கள்

அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். அதே பின்வாசல். "கொண்டாந்தீங்களா?" என்று ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கை நீட்டினாள்.

காசு என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"தொலைச்சிட்டேன் மேரிபெத். வெள்ளி இல்லைன்னு நானே வீசிட்டேன்."

திமிங்கலம் இல்லை, கொள்ளைக்காரன் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். நிஜமா என்று கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியது இதுதான் முதல் தடவை.

"சரி சித்தப்பா," என்றாள். உள்ளே போய்விட்டாள்.