ஊரூர்க் குப்பத்து ஒற்றுமைக் கணக்கு

நண்பா,

இன்று காலை குடும்பக் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். ஊரூர்க் குப்பம் வழியாக வந்திருப்பார் போலும், சட்டையில் கருவாட்டு வாசனை. அந்த வாசனையோடு நீயும் உள்ளே வந்துவிட்டாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, பாவி.

உலக யுத்தம் முடிந்த கையோடு நாம் இருவரும் சர்க்கார் கணக்கெடுப்புக்காக அந்தக் குப்பத்துக்குப் போனோமே! எந்த ஊரில் ஒற்றுமை அதிகமோ அங்கேதான் முதலில் குடிநீர்க் குழாய். சண்டைக்கார ஊரில் போட்டால் உடைத்துவிடுவார்கள் என்பது மேலிடத்துத் தீர்மானம். ஒற்றுமைக்கு மதிப்பெண் போடுவது நம் வேலை. ஊர்த் தலைவர், "நாங்கல்லாம் ஒத்துமையாத்தான் கீறோம் சார்" என்றார். பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டு வீடு போய்ச் சேரலாம் என்றேன். நீ அசையவில்லை.

"அது அவரோட பதில்டா. ஊரோட பதில் எங்கே?"

வீடு வீடாகக் கேட்டோம். ஒருவர் ஒன்பது என்றால் அடுத்தவர் இரண்டு. "சராசரி போட்டுத் தொலையேன்" என்று கத்தினேன். "ஒரே ஊருக்குள்ள இவ்வளவு வித்தியாசம்னா, அந்தச் சராசரி யாரைப் பத்தினதுடா?" என்றாய். எனக்கோ வேறு பயம். உள்ளதை எழுதினால் குழாய் கைநழுவிப் போய்விடுமே!

பிறகுதான் பதில்களைப் பிரித்துப் பார்த்தாய். ஒற்றுமை என்றவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களோ ஒரே குரலில் சண்டை என்றார்கள். "இன்னா ஒத்துமை? கெணத்தாண்ட வந்து பாரு நைனா. ஒரு கொடம் தண்ணிக்குத் தலமுடியப் புடிச்சிக்கினு நிக்கிறோம்" என்றாள் மீன் விற்கும் ஒருத்தி.

ஊருக்கு ஒரே மதிப்பெண் போட்டால் அது பொய் என்று எழுதினாய். சண்டைக்குக் காரணமே தண்ணீர்தான் என்றும் எழுதினாய். மேலதிகாரி தாம்தூம் என்று குதித்தார். ஆனாலும், தாமதமாகவேனும், குழாய் வந்தது. முதல் குடம் நிரம்பியபோது நீ காய்ச்சலில் கிடந்தாய்; எழுந்திருக்கவே இல்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வந்தவர் பேனாவைத் திறந்து, "உங்க வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். "பேஷா இருக்கோம்" என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கேள்வி நினைவுக்கு வந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் எதிரே இருந்தால் உள்ளதைச் சொல்லமாட்டாள் என்று தெருவுக்கு இறங்கிப் போனேன்.

அவள் வெகுநேரம் பேசினாள்.