பழைய பாஸ்வேர்டே இருக்கட்டும்

நீ அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

பதினோரு மணிக்கு நெட்காரர் வருவார். புது ரூட்டரை ஹாலில் வைக்கட்டும். கூடவே வரும் சின்னப் பெட்டி மாடியில், பையன் அறைக்கு. அங்கே சிக்னல் எட்டவில்லை என்று நாலு வருஷம் கரடியாய்க் கத்தினான். அறைச் சாவி கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. பழையதே இருந்தால், அவன் என்றைக்காவது வாசலில் கால் வைத்ததும் போன் தானாகச் சேர்ந்துகொள்ளுமாம். என்னிடம் வந்து கேட்கிற நிலைமை அவனுக்கு வர வேண்டாம்.

விளையாடுகிறான் என்று நினைத்துத்தான் அன்றைக்கு நெட் ஒயரைப் பிடுங்கினேன். “வேலைக்கு இன்டர்வியூ நடந்துக்கிட்டிருந்துச்சுப்பா” என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாள் துணிமணியோடு போனவன்தான். எட்டு மாசமாக நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியாவது இருக்கலாம்.

பி.கு.: அவன் அறையில் அந்தச் சின்னப் பெட்டிக்கான ஸ்விட்ச் மேல் ‘அணைக்காதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அது உனக்கில்லை, எனக்கு.