பேத்தியின் மூக்கடைப்பும் உம்முடைய தங்கச்சியின் தைலமும்

என் அன்பான இராசம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டுமாம். மேலே போய்ச் சேர்ந்த ஆளிடம் அதை எப்படிக் கேட்பது? அதை விடுவம். இது என் கையாலேயே எழுதுவது. வாசிகசாலையில் பின்னேரங்களில் வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு வைக்கிறார்கள். நான் முன்வாங்கில் இருக்கிறேன். ஒரு ‘ஞ’ எழுதி முடியத் தேத்தண்ணி ஆறிப்போகுது. ஆனாலும் எழுதுகிறேன், பாரும்!

புதினம் என்னவென்றால், எங்கள் மகனுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். அப்படியே உம்முடைய நெற்றி.

போன கிழமை பிள்ளைக்குத் தடிமன். காய்ச்சல் இல்லை, நெஞ்சிலும் ஒன்றுமில்லை என்று டொக்டர் பார்த்துச் சொன்னார். மூக்குத்தான் அடைத்துப்போயிற்று. பால் குடிக்க வாயை வைப்பாள், கொஞ்சம் இழுப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு வீரிட்டு அழுவாள். விடிந்ததிலிருந்து ஒழுங்காகக் குடிக்கவில்லை. மகன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போய்விட்டான். மருமகள் வதனியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

அப்போதுதான் உம்முடைய தங்கச்சி வந்தாள், கையில் தைலப் போத்தலோடு. தலையிடியோ முழங்கால் நோவோ, அவளுக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே.

“பிள்ளையை இஞ்சை தா. மூக்கடியிலை கொஞ்சம் பூசினால் சுறுக்கெண்டு திறக்கும். நான் ஐஞ்சு பெத்து வளர்த்தனான்.”

வதனி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். கலியாணம் முடித்து வந்த வீட்டில் புருசனின் சின்னம்மாவை எதிர்த்துக் கதைக்கிற வழக்கம் எங்களிடம் எங்கே இருக்கிறது? பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நீங்கள் இப்ப எல்லாம் வாசிக்கிறியள்தானே. உந்தப் போத்தலிலை என்ன போட்டிருக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோவன்.”

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலடி வெளிச்சத்துக்குப் போனேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

“அத்தான், நீங்கள் வாசிச்சு முடியப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்.”

“பொறு மச்சாள், படிக்கிற ஆக்களைக் குழப்பாதை.”

கடைசி வரிக்கு வந்தேன். “இரண்டு... வயதுக்கு... உட்பட்ட... குழந்தைகளுக்கு... பாவிக்க... வேண்டாம்.” பிழையாய் வாசித்துவிட்டேனோ என்று பயந்து திரும்பவும் வாசித்தேன். அதேதான் இருந்தது.

உம்முடைய தங்கச்சி போத்தலைப் பறித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உதை ஆர் இவ்வளவு சின்னனாய் எழுதினது?” என்று அச்சடித்தவனை ஏசிக்கொண்டே இடுப்பில் செருகினாள்.

டொக்டர் தந்த உப்புத்தண்ணித் துளிமருந்தை வதனி எடுத்து வந்தாள். “மாமி, நீங்கள் தலையைப் பிடியுங்கோ. எனக்கு உங்களைப் போலப் பிடிக்க வராது.” பிள்ளை வளர்த்துப் பழகிய கையல்லவா! உம்முடைய தங்கச்சி மடியில் மல்லாத்தி ஆடாமல் பிடித்தாள். வதனி இரண்டு பக்கமும் துளி விட்டாள். கொஞ்சம் பொறுத்தோம். பிள்ளை தும்மினாளே ஒரு தும்மல், என் சட்டை முழுக்க! இளகி வெளியில் வந்ததை வதனி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். நீர் எங்கள் மகனுக்கு மூக்கில் வாய் வைத்து உறிஞ்சித் துப்புவீர். அதுவும் இப்போது வேண்டாமாம். பெரிய ஆட்களின் நோய் பிள்ளைக்குத் தொற்றுமாம். கோபிக்காதையும்.

பிறகு பால் கொடுத்தாள். பிள்ளை விடாமல் மொடக்கு மொடக்கென்று குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பின்னேரம் வாழைக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வதனி ஏ.எல். சோதனை வரை படித்த பிள்ளை. அந்தத் தைலம் கைக்குழந்தைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? தன் வாயால் சொல்ல ஏலாததை என் வாயால் சொல்லுவித்திருக்கிறாள், கெட்டிக்காரி! எனக்குக் கோபம் வரவேண்டுமா? தோட்டத்தில் நின்று தனியே சிரித்தேன்.

இராசம்மா, நீரும் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இப்படி எத்தனை சொல்லை விழுங்கினீர்? உமக்காக வாசிக்க அப்போது ஆர் இருந்தது?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி வதனிக்குச் சொல்ல ஏலாத நேரம் வந்தால், என் பக்கம் திரும்பினால் போதும். போத்தலில் ஒரு எழுத்தும் இல்லாவிட்டாலும் நான் வாசிப்பேன்.

என்றும் உம்முடைய மனுசன்,
பிள்ளையின் அப்பப்பா,
கந்தையா
நீர்வேலி