முன் சீட்டில் சண்முகவேல்

1943 ஜூலை 1, வியாழன்
ராசிபுரம்

நான் பாடம் நடத்திய காலத்தில் மாரி என்றொரு பையன் கேட்டான்: "ஏனுங்க ஐயா, எங்க வலிக்குதோ அங்கதான் நோவு இருக்குமுங்களா?" கடைவாய்ப் பல் கெட்டால் காதில் வலிக்கும் என்று உதாரணம் சொன்னேன். வகுப்பு முழுவதும் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டது.

இன்று மல்லூர் மேட்டில் அர்த்தநாரியின் கார் இருமி இருமி நின்றபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. கார் நின்றதில் எனக்கு வருத்தமில்லை. சந்தோஷம்தான். காரணம், முன் சீட்டில் சண்முகவேல் உட்கார்ந்திருந்தார்.

அர்த்தநாரி நெய் வியாபாரி, என் பால்ய சிநேகிதன். வியாழக்கிழமைதோறும் நெய் டின்களைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு சேலம் போவான். நான் ஓய்வு பெற்றதிலிருந்து அவன் பக்கத்துச் சீட்டு என்னுடையது. மற்ற நாட்களில் கடையில் அவனோடு நாலு வார்த்தை பேச முடியாது. வியாழக்கிழமை மட்டும் போக வர அவன் எனக்குக் கிடைப்பான்.

பங்குனியில் சண்முகவேல் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் எஞ்சினோட பொழங்குன ஆளுங்க, சத்தம் கேக்கோணும்" என்று முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால், நெய் டின்கள் சாயாமல் பிடித்துக்கொண்டு.

ஜூலை 2

கொல்லிமலைக் கரடி கதையை நான் சொன்னபோது அர்த்தநாரி 'ம்' என்றான். நேற்று அதே கதையைச் சண்முகவேல் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

ஜூலை 8, வியாழன்

இன்றும் அதே மேடு. அதே இருமல். முதலில் டப், டப் என்று முன்பக்கம் வெடிக்கிறது. பிறகு எஞ்சின் உலக்கை போடுவது போலக் குலுங்குகிறது. இழுவை போய்விடுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தொடங்குகிறது. நிறுத்தி வைத்து ஆறவிட்டால் மறுபடி சற்று ஓடுகிறது. ஆனி பிறந்ததிலிருந்து இப்படி.

சண்முகவேல் எஞ்சின் மூடியில் காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போச்சுங்க. இனி இது பழைய இரும்புக்குத்தான். சேலத்துல பழைய வண்டி வாங்கற ஆள் ஒருத்தரு எனக்குத் தெரியுமுங்க. பத்தொன்பதாந் தேதி கூட்டியாரேன், காட்டுங்க."

அர்த்தநாரி தலையாட்டிவிட்டான்!

கார் போனால் வியாழக்கிழமை போய்விடும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? வயதான ஆள் நான், சிறுபிள்ளை மாதிரி.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி குஞ்சம்மாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, சக்களத்தி வந்தவளாட்ட மூஞ்சிய வெச்சிருக்கறீங்க. அர்த்தநாரியண்ணன் உங்களுக்குத் தாலியா கட்டுனாரு?"

மோரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 11, ஞாயிறு

கணக்கு எல்லாமே தப்பாகப் போடும் பையனுக்கு உடனே மூளையில்லை என்று சொல்லிவிடக் கூடாது. முதலில் அவன் சிலேட்டை மாற்று. பிறகு இடத்தை மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். கரும்பலகை தெரியாமல் தவித்த பிள்ளைகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இந்தக் கார் ஓடுவது பெட்ரோலில் அல்ல. யுத்தத்தால் பெட்ரோல் அளந்துதான் கிடைக்கிறது. போன வருடம் அர்த்தநாரி காரின் பின்னால் ஒரு கரி அடுப்பு பொருத்தினான். கரி கனன்று எழும் வாயு ஒரு டப்பாவுக்குள் கட்டிய துணியின் வழியாகப் போய், தூசியை அங்கே விட்டுவிட்டு, குழாய் மூலம் எஞ்சினுக்குச் சேரும்.

"அர்த்தநாரி, அவசரத்துக்கு வெச்சிருக்கற பெட்ரோல்ல ஒரு தரம் மேடு ஏறிப் பாக்கலாம்" என்றேன்.

"வீணாப் போயிருமேடா வாத்தியாரே."

"போனாப் போகுது. எஞ்சின் நோவா, தீனி நோவான்னு தெரிஞ்சு போகும்."

ஏறினோம். கார் வழுக்கிக்கொண்டு ஏறியது! ஒரு டப் இல்லை, குலுங்கல் இல்லை. பேரிங் போயிருந்தால் பெட்ரோலிலும் சத்தம் வர வேண்டுமே. சண்முகவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புளியமரங்களைப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

ஜூலை 15, வியாழன்

இன்று கரி வாயுவில் போனோம். இருமல் தொடங்கியதும், வாயுவோடு கலக்கக் காற்று புகும் திறப்பைக் கொஞ்சம் மூடச் சொன்னேன். வெடிப்பு அடங்கியது, முக்கி முக்கி இழுத்தது. ஆக, காற்றுக்குத் தகுந்த வாயு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

வழியில் என்ன இருக்கிறது? சண்முகவேல் வைகாசியில் கொடுத்த ரப்பர் குழாய் இருக்கிறது! உள்பக்கம் உரிந்து அடைத்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? வேண்டிக்கொண்டேன். கழற்றி ஒரு முனையில் கண்ணை வைத்தேன். மறு முனையில் அர்த்தநாரியின் மூக்கு முழுசாகத் தெரிந்தது.

கரியை மாற்றினோம். அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். "நேரமாச்சு, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 16

இன்றும் பார்க்கவில்லை.

அந்தத் துணி நான் கொடுத்தது. சண்முகவேலின் குழாயை அர்த்தநாரி தட்டித் தட்டி மெச்சியதைப் பார்த்த மறுவாரமே இளம்பிள்ளை ஊருக்குப் போனேன். குஞ்சம்மாளின் தம்பி கந்தவேல் அங்கே தறி வைத்திருக்கிறான்.

"நல்லா நெருக்கி அடி மாப்ள. கொசு நுழையக் கூடாது" என்றேன்.

கந்தவேல் நெய்தால் கேட்க வேண்டுமா? பாவு நூல் விறைக்க இரண்டு முறை கஞ்சி. முடித்துக் கையில் கொடுத்தபோது துணி பலகை போல நின்றது. "கொசு என்ன மாமா, காத்தே நுழையாது பாருங்க!" என்றான். பெருமையாக வாங்கி வந்தேன். ஆனி முதல் வாரம் பழைய துணியைக் கழற்றிவிட்டு நானே டப்பாவில் கட்டினேன்.

காற்றே நுழையாது. அவன் சொன்னான். நான் சிரித்தேன்.

ஜூலை 17, சனி

காலையில் காரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, இருமல் வந்ததும் வாசலுக்குத் திருப்பி நிறுத்தவைத்து, டப்பாவைத் திறந்தேன். வாயுவின் ஈரத்தில் கஞ்சி இளகியிருந்தது. அதில் கரித்தூள் அப்பி, துணி முழுவதும் களிம்பு பூசியது போல இருந்தது. ஓரத்தில் வாயை வைத்து ஊதினேன். மூச்சு திரும்பி என் முகத்திலேயே அடித்தது. காய்ந்தால் கஞ்சி வெடித்துச் சிறிது வழிவிடும். அதனால்தான் ஆறவிட்டால் ஓடியிருக்கிறது.

அர்த்தநாரி அதற்குள் கடைக்குப் போய்விட்டான். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடி, நைந்த வேட்டி ஒன்றை அளவாகக் கிழித்து வந்து கட்டினேன். கந்தவேலின் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? சரியாகிவிட்டால் போதாதா?

ஜூலை 18, ஞாயிறு

நாளை சேலத்து ஆள் வருகிறார் என்பதால் இன்றே ஓட்டிப் பார்த்தோம். கரி வாயுவில் மல்லூர் மேட்டில் நிற்காமல் ஏறியது. மேட்டின் தலையில் காரை நிறுத்தி அர்த்தநாரி இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய் வாத்தியாரே! என்னடா பண்ணுன?"

நான் வாய் திறப்பதற்குள் சண்முகவேல் கேட்டார். "அப்ப நான் குடுத்த குழாய்தானுங்களா கெடுத்தது?"

தலையை ஆட்டினால் போதும். ஒரு ஆட்டு. முன் சீட்டு எனக்கு, கார் அவனுக்கு, வியாழக்கிழமை எங்களுக்கு. வாய்க்குள் 'ஆமாங்க' வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிய பிள்ளை அடிக்காகக் கையை நீட்டுமே, அப்படி நின்றார். அடிக்கத் தகுந்தவன் வேறு ஆள் என்பது எனக்கல்லவா தெரியும்.

"குழாய் இல்லீங்க. என் துணி" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

சண்முகவேல் தடவிப் பார்த்தார். "நல்ல துணிதானுங்களே. ஏனுங்க இத்தன கெட்டியா நெய்யச் சொன்னீங்க?"

"உங்க குழாயப் பாத்துட்டுத்தானுங்க."

அவருக்குப் புரியவில்லை. அர்த்தநாரிக்குப் புரிந்துவிட்டது. கார்ப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கரடி கதைக்குச் சிரித்ததைவிட அதிகம். "இதுக்காடா? இதுக்காடா என் வண்டிய இரும்புக்குப் போடப் பாத்தே?"

ஜூலை 19

சேலத்து ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஆகஸ்ட் 5, வியாழன்

மழைக்காலம் வருகிறதென்று அர்த்தநாரி இப்போது கூடுதலாக ஒரு மூட்டை கரி எடுத்து வருகிறான். அதை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டான். "இருமாது, கதை சொல்லாது, கோவிச்சுக்காது" என்கிறான்.

நானும் சண்முகவேலும் பின்னால். நடுவில் நெய் டின்கள். ஆளுக்கொரு கை பிடித்துக்கொள்கிறோம். மேட்டில் சண்முகவேல் மறுபடி கரடி கதையை எடுத்தார். கரடி மரத்திலிருந்து இறங்கும் இடத்தை அவர் என்னைவிட நன்றாகத்தான் சொல்கிறார். வயிறு கொஞ்சம் எரிந்தது. சிரிப்பும் வந்தது.

அந்த டப்பாவுக்கு இனி யார் துணி கட்டினாலும் அவருக்கு ஒன்று: கட்டுவதற்கு முன் துணியை நனைத்துப் பிழிந்து, உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள்.