ரேடியோவில் பதிந்த பெருவிரல்

மாத்தளை
09.02.2025

அன்புள்ள நிஷ்மியா உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்தது இதுதான்: பசைப் போத்தல் சரிந்தது, உன் வாப்பாவின் ரேடியோ முகம் உருகியது, நீ கோபித்துக்கொண்டு உக்குவளைக்கு ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாய். போன் அடித்தாலும் எடுக்கிறாயில்லை. அதனால் நம்ம கடை லொறியில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

என் பக்கத்தையும் கேள். நெஞ்சு வலிக்குப் பிறகு கடைப்பக்கம் போகாதே என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகன் றிஸ்கான் கடையைப் பார்க்கிறான். வாப்பா சும்மா இருக்கிறாரே என்று மகள் நிஷ்மியாதான் மெல்பேர்னிலிருந்து, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற அந்தப் பிளாஸ்டிக் லொறிப் பெட்டியை அனுப்பினாள். சின்ன வயதில் நான் கிளீனராக ஏறின லொறி மாதிரியே இருந்தது. ஆசை வந்துவிட்டது.

அதை ஒட்டுகிற பசைக்கும் சீமெந்து என்றுதான் பெயர், ஆனால் நாம் மூட்டையில் விற்கிற சாமான் இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கிறது, பிளாஸ்டிக்கையே கரைக்கிறது. பைப்புக்குப் பசை பூசிப் பழகின கை, அள்ளிப் பூசினேன். பக்கத்தில் இருந்த ரேடியோவில் சிந்தியதும், கடையில் பெயின்ட் சிந்தினால் துடைப்பதுபோல அதை விரலால் வழித்துத் துடைத்தேன்.

இதைவிடப் பெரிய ரேடியோ, புளூடூத்தோடு எடுத்துத் தருகிறேன். மச்சானை அனுப்பினேன், பக்கத்து வீட்டு ஸக்கரியா ஹாஜியாரை அனுப்பினேன், வட்டிலப்பமும் அனுப்பினேன். சட்டி மட்டும்தான் காலியாகத் திரும்பி வந்தது.

இப்படிக்கு,
யாகூப்

*

உக்குவளை
12.02.2025

நிஷ்மியா வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வட்டிலப்பத்தை ராத்தா வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். நான் தொடவில்லை.

ரேடியோ உருகியதற்காக நான் இங்கே வரவில்லை. போத்தல் யார் கையிலும் சரியும். விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்னால், "பழைய சாமான் வாங்குற போத்தல்காரன்கூட இத எடுக்க மாட்டான், இதுக்கா அழுறாய்?" என்று சிரித்தீர்களே, அதற்காக வந்தேன். கண் தெரியாமல் போன பிறகு என் வாப்பா அந்த முகத்தை விரலால் தடவித்தான் ஸ்டேஷன் பிடிப்பார். அந்த இடத்தில் புளூடூத் வைக்கிறீர்களா?

இன்னும் ஆள் அனுப்பாதீர்கள். உங்கள் தூதர்களால் உக்குவளை முழுக்க நம் கதை தெரியும். மீன்காரர்கூட "வீட்டுக்குப் போகல்லையா ராத்தா?" என்று கேட்கிறார். மருந்தை வேளைக்குக் குடியுங்கள்.

மஸீஹா

*

மாத்தளை
20.02.2025

அன்புள்ள மஸீஹாவுக்கு,

மருந்து குடிக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு யாரையும் அனுப்பவில்லை. ஹாஜியார் தானாகவே புறப்பட்டார். வாசலில் வைத்து மறித்தேன். மனுஷனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மகள் வீடியோவில் வந்து பாடம் எடுத்தாள். "வாப்பா, ரெண்டு துண்டையும் முதல்ல சேர்த்துப் புடிங்க. பிரஷ் நுனியால இடுக்கத் தொட்டா போதும், அது தானா உள்ளுக்கு ஓடிரும்."

"வெளிய சிந்தினா?" என்றேன்.

"கைய எடுத்துட்டு சும்மா இருங்க. தானா காஞ்சிரும். நீங்க தொட்டாத்தான் விரல் பதியும்."

நான் சும்மா இருந்து பழகாதவன். சரக்கு தேங்கினால் ஆள் விடுவேன், விலையைக் கூட்டுவேன், குறைப்பேன். உன்னிடமும் அதையே செய்தேன். நீ அழுதபோதும் சிரித்துத் துடைக்கப் பார்த்தேன். போத்தல்காரன் பேச்சு பெரிய பிழை. மன்னித்துக்கொள்.

பட்டரி போட்டுப் பார்த்தேன், ரேடியோ பாடுகிறது. முகத்தில் என் பெருவிரல் அப்படியே கிடக்கிறது. சேண்ட் பேப்பரால் தேய்த்தால் போகுமாம். உன்னைக் கேட்காமல் தொட மாட்டேன்.

நோன்பு வரப் போகிறது. விடியமுன் ஸஹருக்கு இரண்டு கோப்பை வைத்துப் பழகின வீடு இது. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். பேரம் பேச மாட்டேன்.

யாகூப்

*

உக்குவளை
23.02.2025

அன்புள்ள நிஷ்மியா வாப்பாவுக்கு,

பேரம் பேசாத யாகூபை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உங்கள் மனம் மாறுவதற்குள் என் நிபந்தனைகளை எழுதிவிடுகிறேன்.

லொறியைக் கட்டி முடியுங்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் இல்லை, பின் விறாந்தையில். பசை நாற்றத்தில் தலை சுற்றும், கதவு திறந்திருக்க வேண்டும். புது ரேடியோ வேண்டாம். விரல் அடையாளத்தைத் தேய்க்க வேண்டாம். வாப்பா தடவின முகத்தில் உங்கள் விரலும் இருக்கட்டும். அன்றைக்கு வந்திருந்த அதே ஆட்களை இப்தாருக்குக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் அந்த ரேடியோவை நீங்களே போட வேண்டும்.

இரண்டு துண்டையும் முதலில் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆள் அனுப்பி எப்படிப் பிடிப்பது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீங்களே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தனியாக.

மஸீஹா