ஜரிகைப் பெட்டி மேல் இருந்த வார்த்தை

இன்று காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மருமகள் செல்போனில் இங்கிலீஷ் எழுத்துகளைத் தேய்த்துத் தேய்த்து வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, இசட் வர்ற மாதிரி நாலெழுத்துல ஒண்ணு சொல்லுங்களேன். எல்லாம் போட்டுட்டேன், இன்னும் ஒண்ணு கீதாம்” என்றாள். எனக்கு ஒரு வார்த்தை தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். உடம்பெல்லாம் அசதி, ஆனாலும் கண் மூடவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. எந்த விலாசத்துக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷ வாக்கில், தறியில் ஏற்றுவதற்கு முன் நீளமாக இழுத்துக் கட்டும் பட்டு நூல் பாவு, உன் வீட்டுடையதும் என் வீட்டுடையதும் மாறி மாறித் தெருவில் நீளும். நீ ஒரு முனை, நான் மறுமுனை. அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து முடி போட்டுக்கொண்டே நடந்து நடுவில் சந்திப்போம். கிளம்பும்போது ஓர் எழுத்தைச் சொல்லிக்கொள்வோம். சந்திக்கும்போது அந்த எழுத்து உள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தை ஆளுக்கொன்று வைத்திருக்க வேண்டும். இல்லாதவன் டீ வாங்கித் தர வேண்டும். யார் ஆரம்பித்த விளையாட்டு என்று ஞாபகமில்லை. நாள் முழுக்கக் குனிந்து நடக்கிற சலிப்பில் அதுவாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீ எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவன். நான் பி.யு.சி. வரை போய்த் தோற்றுத் திரும்பியவன். தோற்றவன்தான் என்றாலும், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பதுபோல, நம் தெருவுக்கு நானே படித்தவன். என்னிடம் ஒரு சின்ன அகராதி இருந்தது. தகராறு வந்தால் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நான். உனக்கு வார்த்தை கிடைத்த இடங்களே வேறு. பனியன் பட்டை, தகரக் கடைப் பலகை, தைலப் புட்டி, லாரியின் பின்பக்கம் எதையும் விட்டுவைக்க மாட்டாய். படித்த எனக்கு வராத வார்த்தையெல்லாம் உனக்கு வந்தது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பிறகு அந்தப் போட்டி. இங்கிலீஷ் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்தது. இசட் உள்ள நாலெழுத்து வார்த்தைகளை அதிகம் எழுதுகிறவருக்குத் தலையணை கனத்தில் ஓர் அகராதி பரிசு. சமமாக எழுதியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோருக்கும் உண்டு. கிடைத்தால் அகராதி உனக்கு என்று பேசிக்கொண்டோம். “அது மட்டும் வந்துச்சின்னா உன் வூட்டு வாசல்ல வந்து நிக்க வாணாம்டா” என்று சிரித்தாய். நீ சும்மா சிரிக்கவில்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க வந்த உன்னை, சாப்பிடுகிறேன், அப்புறம் வா என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு வாரம் அதே வேலை. ஸீரோ, சைஸ், லேஸி, ஜிங்க் என்று நாற்பத்தொன்று சேர்த்தோம். பாதிக்கு மேல் உன்னுடையவை. தபாலில் போடுகிற அன்று, சூரத்திலிருந்து வந்த ஜரிகைப் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். மூடி மேல் இசட், ஏ, ஆர், ஐ.

“இன்னொண்ணு கெடச்சிடுச்சிடா! இத்தினி நாளா கண்ணெதிர்லயே கீது.”

“டேய், ஜரிகை இங்கிலீஷாடா? அது நம்ம வார்த்தை. இத எழுதினா சிரிப்பானுங்க.”

“பொட்டி மேல இங்கிலீஷ்லதான போட்டுகிறான்?”

“அப்போ பாவும் இங்கிலீஷ்தான், கஞ்சியும் இங்கிலீஷ்தான். போடா.”

“செரி, நீ படிச்சவன். நீ சொன்னா செரி” என்று மூடியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாய். அகராதியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தினம் கையில் புழங்குகிற சாமான் இங்கிலீஷாக இருக்க முடியாது என்று எனக்கு அப்படி ஒரு நிச்சயம்.

முடிவு வந்த பத்திரிகையை நூலகத்தில் நான் மட்டும் பார்த்தேன். பரிசு வாங்கியவர் எழுதியது நாற்பத்திரண்டு. கீழே வார்த்தைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசி வரியில் அது இருந்தது. நூலகத்திலிருந்து நம் தெருவுக்கு எவ்வளவு தூரம்? அன்றைக்கு ஒரு மணி நேரம் நடந்தேன். நீ வாசலிலேயே நின்றிருந்தாய். “எழுபது எழுதினவன்லாம் கீறான்டா, நம்மள்லாம் எங்க” என்றேன். “அட, பேஜாரா பூட்ச்சே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் விளையாடினோம். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லிவிட்டு “இது செல்லுமா?” என்று கேட்க ஆரம்பித்தாய். லாரியில் பார்த்ததை, புட்டியில் பார்த்ததைச் சொல்லவே மாட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது உன் முகத்தை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்துத்தான் இருந்தது.

பத்து வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள் வேலூரில் பழைய புத்தகக் கடையில் பெரிய அகராதி ஒன்றை வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாய். “நீயே மொதல்ல பிரிச்சிப் பாரு” என்று என் மடியில் வைத்தாய். பிரித்தேன். அது தானாகவே கடைசிப் பக்கங்களில் போய் நின்றது. அங்கே, அந்த வார்த்தைக்கு நேராக, ஒரு சாண் ஜரிகை இழை வைத்திருந்தாய்.

எவ்வளவு நாளாக உனக்குத் தெரியும்? அன்று பஸ்ஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாயா, இல்லை பழைய பத்திரிகை எங்கேயாவது கண்ணில் பட்டதா? நான் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி, “நல்லா கீதுடா, அட்டை கெட்டியா கீது” என்றேன். நீ திட்டியிருக்கலாம். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன். “ஆமா, கெட்டிதான்” என்று வாங்கிக்கொண்டு போனாய்.

மறுநாள் உன் பாவு. இருவரும் நடந்தோம். நடுவில் சந்தித்தபோது நீ ஒரு வார்த்தை சொன்னாய். செல்லுமா என்று கேட்கவில்லை. அதன் பிறகு கடைசிவரை ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை.

எத்தனையோ காலை, எத்தனையோ பாவு, வேலூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் மூன்று நாள். சொல்ல எனக்கு நேரம் இல்லாமலா போயிற்று? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளியே ஓய்ந்துபோனேன். இப்போது சொல்கிறேன், கேட்க நீ இல்லை என்கிற தைரியத்தில். அந்த வார்த்தை சரிதான்டா. ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. அதை எழுதவிடாமல் அடித்தவன் நான்தான்.